லா மத்தலேனா தீவுகளில் ஒரு நாள்: முதல்முறை தனிப்படகு அமர்த்துகிறவர்களுக்கு

இத்தாலியைச் சேர்ந்த சார்டீனியாத் தீவின் வடகிழக்கு மூலையில் பலாவு என்று ஒரு சிறிய துறைமுக ஊர். அதன் படகுத்துறையில் நின்றாலே எதிரே கல்லும் புதருமாகத் தீவுகள் வரிசைகட்டி நிற்பது தெரியும். லா மத்தலேனா, கப்ரேரா, சாந்தோ ஸ்தேஃபனோ, ஸ்பார்ஜி, புதெல்லி, சாந்தா மரியா, ராட்சோலி என்று பெரியவை ஏழு. சின்னஞ்சிறு பாறைத் திட்டுகளையும் சேர்த்தால் அறுபதுக்கு மேல். 1994இல் இத்தாலி அரசு இந்தத் தீவுக்கூட்டம் முழுவதையும் தேசியப் பூங்காவாக அறிவித்தது. மத்தியதரைக் கடலில் தனிப்படகு எடுத்து ஒரு நாள் சுற்ற வேண்டும், எங்கே போகலாம் என்று யார் கேட்டாலும் நான் முதலில் சொல்வது இந்த இடத்தைத்தான். தீவுகள் ஒன்றுக்கொன்று நெருக்கம். நேர்கோட்டில் அளந்தால் பலாவிலிருந்து புதெல்லி ஏறக்குறைய 12 கிலோமீட்டர்தான். அதனால் பொழுதெல்லாம் ஓட்டத்திலேயே போய்விடாது, தண்ணீரில் இறங்கி நிற்கவும் நேரம் கிடைக்கும்.

போய்ச் சேர்வதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டு உள்ளவர்களுக்கு ஷெங்கன் விசா வேண்டும். அதற்கான பயணக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோ மருத்துவச் செலவை ஈடுகட்ட வேண்டும். பக்கத்து விமான நிலையம் ஓல்பியா. அங்கிருந்து பலாவுக்குச் சாலை வழியே ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். ஊரிலேயே தங்குவது நல்லது. காலை எட்டரைக்குத் துறையில் நிற்க வேண்டியவர்கள் ஓல்பியாவிலிருந்து கிளம்பி வந்தால் பாதித் தெம்பு வழியிலேயே போய்விடும்.

முதலில் காற்று

விலையையும் படகையும் பார்ப்பதற்கு முன் காற்றைப் பற்றித் தெரிந்துகொள்ளுங்கள். சார்டீனியாவுக்கும் வடக்கே பிரான்சின் கோர்சிகாத் தீவுக்கும் நடுவே இருக்கும் போனிஃபாச்சோ நீரிணை, குறுகலான இடத்தில் 12 கிலோமீட்டர் அகலம்கூட இருக்காது. இருபுறமும் மலை. வடமேற்கிலிருந்து வரும் காற்று இந்த இடுக்கில் புகும்போது புனலில் ஊற்றிய தண்ணீர்போல வேகம் பிடிக்கிறது. அந்தக் காற்றுக்கு மயெஸ்த்ராலே என்று பெயர். நம் கடற்கரையில் வாடை, கொண்டல், கச்சான், சோழகம் என்று திசைக்கொரு பெயர் வைத்து மீனவர்கள் காற்றைப் பேசுவது போலவே இவர்களும் பேசுகிறார்கள். வடக்கே திரமொந்தானா, வடகிழக்கே கிரேகாலே, கிழக்கே லெவாந்தே, தென்கிழக்கே சிரோக்கோ, மேற்கே பொனெந்தே. படகோட்டி காலையில் "இன்று மயெஸ்த்ராலே" என்று சொன்னால் பயணத்தின் வரைபடமே மாறுகிறது என்று பொருள். தகராறு செய்யாதீர்கள்.

பெயர்பெற்ற இடங்களில் பல இந்த நீரிணையை ஒட்டியே கிடக்கின்றன. வெயில் பளிச்சென்று அடிக்கும், வானத்தில் ஒரு மேகம் இருக்காது. ஆனாலும் படகு போக முடியாத நாள் வரும். முதல்முறை நாங்கள் போனபோது இரண்டே நாள்தான் கையில் வைத்திருந்தோம். இரண்டு நாளும் மயெஸ்த்ராலே. கரையில் உட்கார்ந்து நுரை பொங்கும் கடலைப் பார்த்துவிட்டுத் திரும்பினோம். அதனால் என் முதல் அறிவுரை: பலாவில் மூன்று இரவாவது தங்குங்கள். முதல் நாளுக்குப் படகைப் பதிவு செய்யுங்கள். காற்று கெடுத்தால் மறுநாளுக்கோ அதற்கு அடுத்த நாளுக்கோ தள்ளிக்கொள்ள இடம் இருக்க வேண்டும்.

எந்த மாதம்? ஜூன் மாதமும் செப்டம்பரின் முதல் மூன்று வாரமும் என் தேர்வு. ஜூன் தொடக்கத்தில் தண்ணீர் கொஞ்சம் குளிரும். நம் ஊர்க் கடலில் குளித்துப் பழகியவர்களுக்கு முதல் ஐந்து நிமிடம் பல் கிட்டும், பிறகு பழகிவிடும். செப்டம்பரில் கோடை முழுவதும் காய்ந்த கடல் இன்னும் இளஞ்சூடாக இருக்கும், கூட்டமும் கலைந்திருக்கும். ஆகஸ்ட் 15 இத்தாலியர்களின் பெரிய கோடைத் திருநாள், ஃபெர்ராகோஸ்தோ. அதற்கு முன்னும் பின்னும் ஒரு வாரம் நாடே கடற்கரையில் இருக்கும், விலையும் உச்சத்தில் இருக்கும். வேறு வழியில்லாதவர்கள் மட்டும் அப்போது போங்கள்.

எந்தப் படகு, யார் ஓட்டுவது

இத்தாலியில் இரண்டு சொற்களைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். லொகாட்சியோனே என்றால் படகை மட்டும் வாடகைக்கு எடுப்பது. ஓட்டுவதும் பொறுப்பும் உங்களுடையது. நொலேஜ்ஜோ என்றால் ஓட்டுநரோடு சேர்த்து அமர்த்துவது. 40.8 குதிரைத்திறன் வரையுள்ள எஞ்சின் பொருத்திய சிறு படகைக் கரையிலிருந்து ஆறு கடல்மைல் தூரத்துக்குள் உரிமம் இல்லாமலே ஓட்ட அந்நாட்டுச் சட்டம் அனுமதிக்கிறது. கேட்கும்போது ஆசையாக இருக்கும், விலையும் குறைவு. ஆனால் புதியவர்களுக்கு நான் இதைச் சொல்ல மாட்டேன். இந்தத் தீவுகளுக்கு நடுவே தண்ணீருக்கு ஒரு முழம் கீழே கருங்கல் பாறைகள் ஒளிந்திருக்கின்றன. எங்கே நங்கூரம் போடலாம், எங்கே போடக்கூடாது என்று பூங்காவுக்கு வேறு விதிகள். பெரிய பயணிக் கப்பல் கடந்துபோனால் எழும் அலையை எந்தக் கோணத்தில் வாங்குவது என்பதையெல்லாம் பத்து நிமிட விளக்கத்தில் கற்றுக்கொள்ள முடியாது. ஓட்டுநரோடு எடுங்கள். அந்தக் கடலிலேயே வளர்ந்த ஒருவர் உங்கள் குடும்பத்தைப் பார்த்துக்கொள்வார், நீங்கள் கடலைப் பார்க்கலாம்.

படகில் மூன்று வகை எதிர்ப்படும். காற்றடைத்த ரப்பர் ஓரம் வைத்த விரைவுப் படகை கொம்மோனே என்பார்கள். வேகமானது, கரைக்கு மிக அருகில் போகும். ஆனால் அலை இருந்தால் முதுகு உணரும். பெரும்பாலானவற்றில் கழிப்பறை கிடையாது. கொட்சோ என்பது பழைய மீன்பிடிப் படகின் வடிவம். மெதுவாகப் போகும், அமரம் என்கிற பின்பகுதி அகலம், நிழல் நிறைய. வயதானவர்களோடு போகிறவர்களுக்கு நான் கொட்சோவைத்தான் சொல்வேன். மூன்றாவது பாய்மரப் படகு. எஞ்சின் இரைச்சல் இல்லாமல் போகும் சுகம் தனி. ஆனால் ஒரே நாளில் பார்க்கும் இடங்கள் குறையும். அடுத்து நிழல், ஏணி, கழிப்பறை. இந்த மூன்றையும் படத்தில் பார்த்து உறுதி செய்யாமல் முன்பணம் கட்டாதீர்கள். தண்ணீரிலிருந்து படகுக்கு ஏறும் ஏணி எத்தனை படி கீழே இறங்குகிறது என்பது முழங்கால் வலி உள்ளவர்களுக்குப் பெரிய விஷயம். என் அம்மாவை இரண்டு படி மட்டுமே இருந்த ஏணியில் ஏற்றிய பிறகுதான் இதைக் கேட்க வேண்டும் என்று எனக்கே தெரிந்தது.

பதிவு செய்யும்போது

எல்லாவற்றையும் எழுத்தில் கேளுங்கள், வாட்ஸ்அப் செய்தி போதும். எரிபொருள் விலைக்குள் இருக்கிறதா, ஓட்டுநர் கூலி சேர்ந்ததா, பூங்கா நுழைவுக் கட்டணம் யார் கட்டுவது? இவை மூன்றும் ஒன்றாகவோ தனித்தனியாகவோ வரலாம். ஒரு முறை நான் குறைந்த விலை என்று நம்பி எடுத்த படகுக்கு, மாலையில் துறையில் எரிபொருள் நிரப்பிக் கணக்கு வந்தபோது, வேண்டாம் என்று ஒதுக்கிய மற்றப் படகின் விலையைத் தாண்டிவிட்டது. ஏமாற்று ஒன்றும் இல்லை. ஒப்பந்தத்தில் சின்ன எழுத்தில் இருந்தது, நான் படிக்கவில்லை.

காற்றால் பயணம் நின்றால் பணம் முழுவதும் திரும்புமா, அல்லது வேறு நாள் மட்டும் தருவார்களா என்பது அடுத்த கேள்வி. "போகலாமா வேண்டாமா" என்பதை யார், எத்தனை மணிக்கு முடிவு செய்வார்கள் என்றும் கேளுங்கள். முந்தைய நாள் மாலை சொல்கிறவர்கள் நல்லவர்கள். நீங்களும் விண்டி செயலியில் பலாவு என்று தட்டிக் காற்றின் அம்புக்குறிகளைப் பார்த்துக்கொள்ளலாம். ஆனால் கடைசி வார்த்தை ஓட்டுநருடையது.

ஆட்களின் எண்ணிக்கையை மறைக்காதீர்கள். இப்படி ஓட்டுநரோடு அமர்த்தும் உல்லாசப் படகில் அதிகபட்சம் 12 பயணிகள் என்பது இத்தாலியச் சட்டம். சிறிய படகுக்கு அதன் ஆவணத்தில் உள்ள எண்ணிக்கைதான் கணக்கு. கைக்குழந்தையும் ஒரு ஆள். குழந்தையின் எடையைச் சொல்லி அந்த அளவு உயிர்காப்பு உடை இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள்.

சாப்பாடு உங்கள் கையில். சில படகுகளில் சாலட், ரொட்டி, பெக்கொரினோ என்ற ஆட்டுப்பால் பாலாடைக்கட்டி, பழம் தருவார்கள். மரக்கறி மட்டும் சாப்பிடுகிறவர்கள் மீனும் வேண்டாம் என்று தனியாகச் சொல்ல வேண்டும். "இறைச்சி வேண்டாம்" என்று மட்டும் சொன்னால் நெத்திலி போட்ட பாஸ்தா வரும். நாங்கள் தங்கிய வீட்டில் அடுப்பு இருந்ததால் எலுமிச்சைச் சாதம் கிளறி எடுத்துப்போனோம். வெயிலிலும் கெடாது, அலையாடும் படகில் ஒரு கரண்டியால் சாப்பிடலாம். ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர் கட்டாயம். ஸ்பார்ஜியிலோ புதெல்லியிலோ கடை கண்ணி எதுவும் கிடையாது.

மற்றபடி மூட்டையைக் குறையுங்கள். சக்கரப் பெட்டி வேண்டாம், துணிப்பை போதும். படகில் செருப்பைக் கழற்றச் சொல்வார்கள். பாறையில் நடக்க ரப்பர் காலணி ஒன்று வைத்துக்கொள்ளுங்கள், கடல் முள்ளெலி குத்தினால் அன்றைய நாள் அத்தோடு முடிந்தது. சுடிதாரும் புடவையும் தண்ணீரில் கனத்துக் காலைச் சுற்றும். உடல் மூட வேண்டும் என்று நினைக்கிறவர்களுக்கு முழுக்கை நீச்சல் சட்டையும் முழங்கால் தாண்டிய நீச்சல் கால்சட்டையும் எளிதாகக் கிடைக்கின்றன. வெயிலுக்கும் அதுவே நல்லது. குமட்டல் வரும் உடல்வாகு உள்ளவர்கள் மருத்துவரிடம் கேட்டு மாத்திரையைக் கிளம்புவதற்கு ஒரு மணி நேரம் முன்பே போட வேண்டும். குமட்டல் தொடங்கிய பிறகு போட்டுப் பயனில்லை. வெறும் வயிற்றோடும் ஏறாதீர்கள். அணியத்தில், அதாவது படகின் முன்முனையில், உட்கார ஆசையாக இருக்கும், ஆனால் ஆட்டம் அங்கேதான் அதிகம். அமரத்தில் உட்கார்ந்து தூரத்துக் கரையைப் பாருங்கள், கைப்பேசியைப் பார்க்காதீர்கள்.

நாள் எப்படிப் போகும்

காற்று சாதுவாக இருக்கும் நாளுக்கு நான் சொல்லும் வரிசை இது. எட்டரைக்குத் துறை, ஒன்பதுக்குள் புறப்பாடு. பலர் பத்து மணிக்குச் சாவகாசமாகக் கிளம்புகிறார்கள். தனிப்படகுக்குக் கூடுதலாகக் கொடுக்கும் காசு, கூட்டம் வருவதற்கு முன் போய்ச் சேரும் அந்த ஒன்றரை மணி நேரத்துக்காகத்தான் என்று நான் உறுதியாக நம்புகிறேன். நூறு, இருநூறு பேரை ஏற்றிவரும் சுற்றுலாக் கப்பல்கள் இதே குடாக்களுக்குத்தான் வரும்.

கிளம்பியதும் வலப்பக்கம் சாந்தோ ஸ்தேஃபனோ. 1793 பிப்ரவரியில் இருபத்து மூன்று வயது நெப்போலியன் இந்தத் தீவில் பீரங்கியை இறக்கி எதிரே லா மத்தலேனா ஊரைச் சுட்டார். ஊரார் திருப்பி அடித்ததில் பின்வாங்க வேண்டியதாயிற்று. ஊர்க்காரரான தொமெனிகோ மில்லேலீரேயின் பெயரை அங்கே இன்றும் பெருமையோடு சொல்வார்கள். ஓட்டுநரிடம் அந்தப் பெயரைச் சொல்லிப் பாருங்கள், அடுத்த கால் மணி நேரம் அவர்தான் பேசுவார்.

முதல் நிறுத்தம் ஸ்பார்ஜியின் தெற்கே காலா கோர்சாரா. காற்றும் அலையும் செதுக்கிய கருங்கல் பாறைகள், நடுவே வெள்ளை மணல், அடியில் கிடக்கும் கூழாங்கல்லை எண்ணும் அளவுக்குத் தெளிந்த நீர். மயெஸ்த்ராலே லேசாக வீசினாலும் தீவு முதுகு காட்டி மறைத்துக்கொள்வதால் இந்தக் குடா பெரும்பாலும் அமைதியாகவே இருக்கும். பத்தரைக்குள் நீந்தி முடித்துவிடுங்கள்.

அடுத்து புதெல்லி. ஸ்பியாஜ்ஜா ரோசா என்ற இளஞ்சிவப்புக் கடற்கரை இங்கேதான். கடற்புல்லின் அடியில் வாழும் மினியாசினா என்ற நுண்ணுயிரின் சிவந்த ஓடுகள் நொறுங்கி மணலில் கலந்ததால் வந்த நிறம் அது. பல ஆண்டுகள் மக்கள் வந்து புட்டியில் அள்ளிப் போனதில் நிறம் வெளிறிவிட்டது. தொண்ணூறுகளிலிருந்து யாரும் இறங்க முடியாதபடி மூடிவிட்டார்கள். மிதவைகளுக்கு வெளியே படகை நிறுத்தித் தூரத்திலிருந்து பார்க்கலாம், அவ்வளவுதான். இதை முன்பே வீட்டாரிடம் சொல்லிவிடுங்கள். படத்தில் பார்த்துவிட்டு "அங்கே நடக்கலாம்" என்று எதிர்பார்த்து வந்த பிள்ளைகளின் முகம் வாடிப்போவதைப் பார்த்திருக்கிறேன். "கொஞ்சம் உள்ளே விடுங்கள்" என்று ஓட்டுநரைக் கெஞ்சவும் வேண்டாம். அபராதமும் உரிமச் சிக்கலும் அவருக்குத்தான்.

அங்கிருந்து சில நிமிடம். புதெல்லி, ராட்சோலி, சாந்தா மரியா மூன்றும் சேர்ந்து வளைத்த ஆழமற்ற நீர்ப்பரப்பு. மாந்தோ தெல்லா மதோன்னா, மாதாவின் மேலாடை என்று பெயர். மதியம் இங்கேதான் இருக்க வேண்டும், அதுவும் நீண்ட நேரம். வெளிர் மணல் அடித்தளத்தில் வெயில் பட்டு நீர் பச்சையும் நீலமுமாக மாறிக்கொண்டே இருக்கும். பல இடங்களில் இடுப்பளவுதான். நீந்தத் தெரியாதவர்கள் நம்மில் நிறையப் பேர், அவர்களுக்குக் கடலின் நடுவே காலூன்றி நிற்கக் கிடைக்கும் அரிய இடம் இது. ஓட்டுநரிடம் "நீச்சல் தெரியாது, நிற்கும் ஆழத்தில் நிறுத்துங்கள்" என்று சொன்னால் இடம் பார்த்து நிறுத்துவார். என் அம்மா எழுபது வயதில் முதன்முதலாகக் கடலில் கழுத்துவரை நனைந்தது அங்கேதான். உயிர்காப்பு உடையை மாட்டிக்கொண்டு ஏணியைப் பிடித்தபடி இறங்கியவர், பிறகு முக்கால் மணி நேரம் ஏற மாட்டேன் என்றார்.

தண்ணீரில் இறங்க விதிகள் இரண்டு. எஞ்சின் முழுவதும் நின்று, ஓட்டுநர் தலையசைத்த பிறகே இறங்க வேண்டும். படகை விட்டுத் தூரம் போகக்கூடாது, மற்றப் படகுகள் வரும் வழியில் தலை மட்டும் நீருக்கு மேலே இருந்தால் நீங்கள் யார் கண்ணிலும் பட மாட்டீர்கள். ஜெல்லிமீன் தொட்டு எரிந்தால் தேய்க்காதீர்கள், நன்னீரும் ஊற்றாதீர்கள். கடல்நீரால் கழுவிவிட்டு ஓட்டுநரிடம் சொல்லுங்கள். பெரிய ஆபத்து என்றால் இத்தாலியக் கடலோரக் காவல்படையின் எண் 1530. படகின் வானொலியில் 16ஆம் அலைவரிசை.

மாலை திரும்பும் வழியில் நேரமும் காற்றும் ஒத்துழைத்தால் கப்ரேராவின் கிழக்குக் கரை. காலா கோத்திச்சோ என்ற குடா புகழ்பெற்றது. கடும் பாதுகாப்பில் உள்ள பகுதி, கரைவழி நடந்து போவதற்கே முன்பதிவும் வழிகாட்டியும் வேண்டும். படகு எதுவரை போகலாம் என்பதை அன்றைய விதிப்படி ஓட்டுநர் சொல்வார். இடம் விடுபட்டால் வருந்த வேண்டாம். எல்லாத் தீவையும் தொட்டுவிட வேண்டும் என்று ஓடுகிறவர்களைவிட மூன்றே இடத்தில் நின்றவர்கள்தான் நிறைவோடு இறங்குகிறார்கள்.

நங்கூரமும் புல்லும் மணலும்

ஓட்டுநர் ஒரு குடாவுக்குள் நுழைந்ததும் நங்கூரம் போடாமல் வட்டமடிப்பார். பொறுமையாக இருங்கள், அவர் மணலைத் தேடுகிறார். கீழே கரும்பச்சைத் திட்டுகளாகத் தெரிவது பொசிடோனியா. பாசி இல்லை, பூத்துக் காய்க்கும் உண்மையான கடற்புல். மீன் குஞ்சுகளுக்கு வீடு, கரைமணலுக்குப் பிடிப்பு, தெளிந்த நீருக்குக் காரணமும் அதுதான். ஆண்டுக்கு ஏதோ ஒரு சென்டிமீட்டர்தான் பரவும். ஒரு நங்கூரம் உழுது கிழித்த இடம் மூட நம் ஆயுள் போதாது. பாக் நீரிணையில் ஆவுளியா என்ற கடற்பசு மேயும் கடற்புல் படுகைகளைப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை புரியும். மிதவை இருக்கும் இடத்தில் மிதவையில் கட்டச் சொல்லுங்கள், கட்டணம் கேட்டால் கொடுத்துவிடுங்கள். கரையில் பழுப்பு நிறத்தில் மெத்தைபோலக் குவிந்து கிடப்பதும் இதன் உதிர்ந்த இலைதான். குப்பை என்று முகம் சுளிக்க வேண்டாம், அலை மணலை அரித்துப் போகாமல் காப்பது அந்தக் குவியல்.

மணல், சிப்பி, கூழாங்கல் எதையும் எடுக்காதீர்கள். சார்டீனியாவின் 2017ஆம் ஆண்டுச் சட்டப்படி இதற்கு 500 முதல் 3,000 யூரோ வரை அபராதம். விமான நிலையத்தில் பையைத் திறந்து பார்த்துப் பிடிக்கிறார்கள். குழந்தைகளின் பைகளையும் துண்டுகளையும் படகுக்கு ஏறும் முன்பே உதறுங்கள்.

ஐந்தரை, ஆறு மணிக்குத் துறை. எரிபொருள் தனிக்கணக்கு என்றால் நிரப்பும்போது கூடவே நின்று அளவைப் பாருங்கள். ஓட்டுநருக்கு அன்பளிப்பு கட்டாயமில்லை. உங்கள் பெற்றோரைக் கைபிடித்து ஏற்றி இறக்கியவர் என்றால் கொடுக்கத் தோன்றும், கொடுங்கள்.

காற்று நின்றுதராத நாளில்

படகு கிடையாது என்று செய்தி வந்துவிட்டால் அறையில் உட்கார்ந்திருக்காதீர்கள். பலாவிலிருந்து லா மத்தலேனாவுக்குக் காரும் ஆளும் ஏறும் பெரிய படகுகள் நாள் முழுவதும் ஓடுகின்றன, ஏறக்குறைய இருபது நிமிடம். சிறு படகுகள் நின்ற நாளிலும் பெரும்பாலும் இவை ஓடும். அங்கிருந்து கடலைக் கடக்கும் சாலை வழியே கப்ரேராவுக்குப் போகலாம். இத்தாலியை ஒன்றாக்கப் போரிட்ட கரிபால்டி 1855இல் இந்தத் தீவில் பாதியை வாங்கி, வெள்ளை வீடு ஒன்று கட்டி, ஆடு மாடும் ஆலிவ் மரமும் வைத்து வாழ்ந்தார். வீடு இப்போது அருங்காட்சியகம். எந்த நாள் மூடியிருக்கும் என்று முன்பே பார்த்துவிட்டுப் போங்கள். உள்ளே போனால் கடிகாரம் 6.20இல் நிற்கும். 1882 ஜூன் 2 மாலை அவர் இறந்தபோது நிறுத்தியது. படுக்கை இருக்கும் அறையின் ஜன்னலுக்கு வெளியே கடல். மயெஸ்த்ராலே அடிக்கும் நாளில் பைன் மரங்கள் வளைந்து இரையும் சத்தம் அந்த அறைக்குள் கேட்கும்.